அச்சம் தரும் ஓவியமும் அச்சம் அகற்றும் நற்காட்சியும்



சுவிட்சர்லாந்து நாட்டின் பாசெல் நகரக் கலைக்கூடத்தில், காண்போரை நடுங்கவைக்கும் ஓவியம் ஒன்று உள்ளது. ஹான்ஸ் ஹோல்பைன் என்னும் ஓவியர் 1521-22ஆம் ஆண்டுகளில் தீட்டியது அது. உயரம் ஓர் அடி. நீளம் ஆறரை அடி. கல்லறையில் கிடத்தப்பெற்ற ஏசுநாதரின் உடலை, ஆளின் அளவிலேயே வரைந்துள்ளார். விழிகள் மூடவில்லை, வாய் திறந்தே கிடக்கிறது, காயம்பட்ட கை நிறம் மாறியுள்ளது. அருகிருந்து அழுவாரும் இல்லை.

1867ஆம் ஆண்டு ரஷ்ய எழுத்தாளர் தஸ்தாயெவ்ஸ்கி தம் மனைவி அன்னாவுடன் அங்குச் சென்றார். கருவுற்றிருந்த அன்னா காணப் பொறாமல் அடுத்த அறைகளுக்குச் சென்றுவிட்டார். சற்று நேரம் கழித்துத் திரும்பி வந்தபோதும் கணவர் அவ்விடத்திலேயே பிணிக்கப்பட்டவர்போல் நின்றிருந்தார். அவர் முகத்தில் படர்ந்த கலக்கத்தைக் கண்டு, வலிப்பு நோய் வந்துவிடுமோ என அஞ்சி, அன்னா அவரை அழைத்துச் சென்று அமரச் செய்தார். இவ்வோவியத்தைக் கண்டால் ஒருவன் தன் நம்பிக்கையையே இழக்கக்கூடும் என்று, பின்னர் எழுதிய ‘அசடன்’ நாவலில் ஒரு பாத்திரத்தைப் பேசவைத்தார் அவர்.

பிற சமயத்தார் வணங்கும் பெரியோரைக் குறைகூறுதல் நம் நோக்கமன்று. சாவை நேரில் காணும்போது நம் நம்பிக்கை நிற்குமா, சாயுமா என்பதே நாம் எண்ண வேண்டுவது.

ஆதி பகவன் விருஷபதேவரின் அவையில் நீலாஞ்சனை ஆடினாள். ஆடும்போதே அவள் ஆயுள் முடிந்தது. இந்திரன் நொடியில் வேறொருத்தியை அவ்விடத்தில் நிறுத்தினான். அவையோர் எவரும் அறிந்திலர், ஆட்டம் தொடர்ந்தது. பகவான் ஒருவரே அறிந்தார். அறிந்தவர் நடுங்கவில்லை; நிலையாமையைச் சிந்தித்து, அரசைப் பரதனிடம் அளித்துத் துறவு பூண்டார்.

இருவர் கண்டதும் சாவே. ஒருவர்க்கு அது கலக்கத்தைத் தந்தது. மற்றவர்க்கு வீட்டு நெறியின் வாயிலாயிற்று. வேற்றுமை கண்ணில் இல்லை, காட்சியில் உள்ளது. உடலே உயிர் எனக் கொண்டவனுக்கு உடலின் அழிவு முழு அழிவாகத் தோன்றும். உடல் வேறு, உயிர் வேறு எனத் தெளிந்தவனுக்கு அது புற்கலத்தின் இயல்பு. ஆகவேதான் நற்காட்சி உடையானை எழுவகை அச்சமும் அணுகா என்றனர் ஆசாரியர். அவற்றுள் மரண அச்சமும் ஒன்று.

இத்தெளிவு ஒருநாளில் வருவதன்று. வீட்டில் முதியவர் மறைந்தால் சிறுவரை அயல்வீட்டுக்கு அனுப்பிவிடுகிறோம். பாட்டி ஊருக்குப் போயிருக்கிறாள் என்று பொய்யும் சொல்கிறோம். அச்சம் அதனால் நீங்குவதில்லை, ஒளிந்து வளர்கிறது. அவர்கள் கையைப் பற்றி அருகில் நிறுத்தி, உடல் இங்கே கிடக்கிறது, உயிர் தன் வினைவழிச் சென்றது என்று அன்போடு கூறுவோம். அழுவாரை அதட்ட வேண்டா, தேற்றுவோம். நாள்தோறும் சாமாயிகத்தில் அநித்தியம், அசரணம், அந்நியத்துவம் ஆகிய பாவனைகளைச் சிறிது நேரமேனும் சிந்திப்போம்.

செஞ்சிக்கு அருகே திருநாதர்குன்றுப் பாறையில், 57 நாள் உண்ணாநோன்பு நோற்று உடல் நீத்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டு இன்றும் உள்ளது. குடும்பத்தோடு அங்குச் செல்லுங்கள். சாவைப் பற்றிய அச்சம் சிறிதும் அக்கல்லில் இல்லை என்பதைக் குழந்தைகளுக்குக் காட்டுங்கள்.

வெல்க ஜினதர்மம்!