இறைவன் அரசும் மன்னர் அரசும்

இறைவனே அரசன் என்பது கிறிஸ்தவ சமயத்தின் தலையாய கொள்கைகளுள் ஒன்று. அங்ஙனமாயின், மண்ணுலகில் முடிசூடி ஆள்வோர் அவ்விறைவன் ஆணையைத் தாங்கியவரோ? அன்றி அவன் உரிமையைக் கவர்ந்தவரோ? இதனை ஈண்டுச் சிறிது ஆராய்வாம்.

விவிலியத்தில் இருவகைக் கூற்றும் உள. இஸ்ரவேலர் தமக்கோர் அரசன் வேண்டுமென்றபோது, அஃது இறைவனையே அரசனாக ஏலாது தள்ளுதலாம் என்று சாமுவேல் நூல் கூறும். வருமரசன் மைந்தரையும் வயல்களையும் கொள்வான் எனவும் எச்சரிக்கும். பவுலோ, உரோமர்க்கு வரைந்த நிருபத்தில், அதிகாரம் யாவும் இறைவனால் அமைந்தனவே என்பர்.

இவற்றைத் தம் பக்கல் வளைத்துக்கொண்டார் ஸ்காட்லாந்தின் ஜேம்ஸ் மன்னர். பின்னர் இங்கிலாந்தையும் ஆண்ட இவர், 1598-இல் எழுதிய நூலில், சாமுவேலின் எச்சரிக்கையையே குடிகள் பொறுத்துக்கொள்ள வேண்டிய கடமையாகப் பொருள்படுத்தினார். அரசர் இறைவனுக்கன்றிப் பிறர்க்குக் கணக்குரைக்கக் கடவரல்லர் என்பது அவர் துணிபு. அதனையே பற்றிநின்ற அவர் மைந்தர் முதலாம் சார்லஸ் 1649-இல் சிரச்சேதம் செய்யப்பட்டார்.

இனி, இதே கொள்கை மன்னரைத் தாழ்வித்ததும் உண்டு. கி.பி. 390-இல் தெசலோனிக்கா நகரில் படைத்தலைவன் ஒருவன் கொல்லப்பட, பேரரசர் தியோடோசியஸ் ஆணையால் அந்நகர மாந்தர் பலர் வெட்டுண்டனர். மிலான் நகர ஆயர் அம்புரோஸ், பேரரசர் மனம் வருந்தித் தவம் செய்யாதவரை அவர் முன்னிலையில் திருப்பலி நிகழ்த்தேன் என்று கடிதம் விடுத்தார். பேரரசரும் அரச அணிகளைக் களைந்து, ஆலயத்திற் பலர் காணக் கண்ணீர் சொரிந்தார். இறைவனே அரசன் என்னும் சொல் ஈண்டு இறந்தாரின் பொருட்டுப் பேசிற்று.

அற்றேல், மன்னனைத் திருத்தும் குருவே மன்னனாக முற்படின் என்னை? 1076-இல் ஏழாம் கிரகோரி என்னும் பாப்பரசர், நான்காம் ஹென்றி அரசரைப் பதவி நீங்கியவராகச் சாற்றினார். அடுத்த ஆண்டு கடுங்குளிரில் கனோசாக் கோட்டை வாயிலில் ஹென்றி மூன்று நாள் நின்று மன்னிப்பு வேண்டினார். இங்கு, மனந்திரும்புதலினும் செங்கோலுரிமையே வழக்காயிற்று. ஆகலின், குருவென்னும் பெயர் மாத்திரையே இறைவன் அரசுக்குச் சான்றாகாது.

பின் யாதுதான் அளவுகோல்? பிலாத்தின் முன் நின்ற இயேசு தம் அரசு இவ்வுலகைச் சார்ந்ததன்று என்றார். அவர் சூடியது முள்முடி. அதற்கு முன்னாளிரவு அவர் தம் சீடர் கால்களைக் கழுவினார். பிறர் துயரைத் தான் தாங்குவதே அவ்வரசின் இலக்கணமாயிற்று. ஆகவே, இறைவன் பெயரால் ஆள்வேம் என்பார் மன்னராயினும் குருவாயினும், அவர் தாங்கும் துயரையும் பிறர்க்கு விளைக்கும் துயரையும் ஒருங்கு வைத்து நிறுத்தறிவதே நேரிது. பின்னையது மிகுமிடத்து அவர் உரைப்பது தம் அரசையேயன்றி இறைவன் அரசையன்று என்க.