கணக்குக் காட்டுவது இழிவா?

பெங்களூரில் விதான சௌதாவின் முகப்பை அண்ணாந்து பார்ப்போர், அரசாங்க வேலை கடவுள் வேலை என்னும் வாக்கியம் அங்கே பொறிக்கப்பட்டிருக்கக் காண்பர். 1956-ல் கட்டி முடிந்த அம்மாளிகைக்கு அருகே, அம்பேத்கர் வீதியில், லோகாயுக்தாவின் காரியாலயம் இருக்கின்றது. மாளிகையில் அமர்ந்து சட்டம் இயற்றுவோர், ஆண்டுதோறும் ஜூன் 30-ந் தேதிக்குள் தம்முடையவும் தம் குடும்பத்தாருடையவுமான சொத்தையும் கடனையும் எழுதி இக்காரியாலயத்தில் ஒப்படைக்க வேண்டுமென்று 1984-ஆம் ஆண்டின் கர்நாடக லோகாயுக்தா சட்டம் விதிக்கின்றது. அறிவித்த பின்னும் கொடாதவர் பெயர்களைப் பத்திரிகைகளில் வெளியிடவும் அச்சட்டம் கட்டளையிடுகின்றது.

வேலை கடவுள் வேலையாயின், அதைச் செய்வோரிடம் கணக்குக் கேட்பது தகுமா? அது யோக்கியரையும் திருடரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதாகாதா? இவ்வினாவை நாம் சிறிது ஆராய்வோம்.

இக்கேள்வி நம் நாட்டில் எளிதில் தீர்ந்ததன்று. 2002 மே 2-ந் தேதி சுப்ரீம் கோர்ட், தேர்தலில் நிற்போர் தம் சொத்து, கடன், கல்வி, குற்ற வழக்கு ஆகியவற்றைப் பிரமாணப் பத்திரத்தில் தெரிவிக்க வேண்டுமென்று தீர்ப்பளித்தது. சட்டத்தில் சொல்லப்படாத எதையும் அபேட்சகர் தெரிவிக்க வேண்டியதில்லையென அவ்வாண்டிலேயே பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. 2003 மார்ச் 13-ந் தேதி அத்திருத்தம் செல்லாதென்று கோர்ட் தள்ளியது. 2018 பிப்ரவரியில், சொத்து மட்டுமன்று, வருமானம் வந்த வழியையும் காட்டுக என்றது. இன்று அப்பத்திரங்கள் தேர்தல் கமிஷனின் இணையதளத்தில் யாவரும் காணக் கிடைக்கின்றன. மத்திய மந்திரிகளின் உள்நாட்டு, வெளிநாட்டு உத்தியோகப் பிரயாணங்களையும் அவற்றின் செலவையும் வெளியிட வேண்டுமென்று 2012 செப்டம்பரில் மத்திய சர்க்கார் உத்தரவிட்டது.

ஆளுவோருக்கும் அந்தரங்கம் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. 2024 ஏப்ரலில் அருணாசலப் பிரதேசத் தேர்தல் வழக்கொன்றில், உடை, பாதரட்சை, பாத்திரம் முதலிய ஒவ்வொரு பொருளையும் அபேட்சகர் கணக்கிட்டுச் சொல்ல வேண்டியதில்லை, அவை மிகுந்த விலையுடையனவாயிருந்தாலன்றி, என்று சுப்ரீம் கோர்ட் கூறியது. இது நியாயமே. அவருடைய படுக்கையறையை நாம் எட்டிப் பார்க்க விரும்பவில்லை. பொதுப் பணம் போன வழியையும், பதவிக் காலத்தில் செல்வம் வளர்ந்த வழியையுமே கேட்கின்றோம்.

கேட்பது இழிவுமன்று. ஒரு சிறு சங்கத்தின் பொக்கிஷதாரர் ஆண்டுக் கூட்டத்தில் வரவு செலவை வாசிக்கின்றார். அதனால் அவரைத் திருடரென்று எவரும் எண்ணுவதில்லை. வாசிக்க மறுக்கும்போதே ஐயம் பிறக்கின்றது.

இதனை நம்மவர்க்கு விரித்துரைக்கத் தேவையில்லை. கார்கால வாசம் முடியும் நாளில் பிக்குகள் கூடிச் செய்யும் பவாரணையை நாம் அறிவோம். மூத்தவர் முதலாக ஒவ்வொருவரும், என்னிடத்தில் நீங்கள் கண்ட, கேட்ட, ஐயுற்ற குற்றத்தைச் சொல்லுங்கள் என்று சபையை வேண்டுகின்றனர். பகவன் தாமும் அவ்வாறு கேட்டதாகச் சுத்தம் கூறுகின்றது. மாசற்றவருக்கே அது இழிவாகவில்லையெனில், சட்டசபை அங்கத்தினருக்கு எவ்விதம் இழிவாகும்? கண்டதைச் சொல்லுங்கள் என்று மட்டும் நில்லாமல், ஐயுற்றதையும் சொல்லுங்கள் என்பதே இதன் பெருமை.

நிற்க. பவாரணைக்கு இரு பக்கம் உண்டு. ஒருவர் கேட்கின்றார், சபை அன்போடும் அஞ்சாமலும் மறுமொழி சொல்ல வேண்டும். சபை உறங்குமானால் அது வெறுஞ் சடங்கு. 2023-ஆம் ஆண்டின் கர்நாடகச் சட்டசபைத் தேர்தலில் ஓர் அபேட்சகர் காட்டிய சொத்து 1,400 கோடி ரூபாய்க்கு மேற்பட்டது. செல்வம் குற்றமன்று, அதை ஒளியாமல் காட்டியதும் குற்றமன்று. ஆனால் அத்தொகையைக் கேட்டு வியந்து வாய் பிளப்பதோடு நம் கடமை முடிந்ததா? நம் தொகுதியில் வென்றவர் 2018-ல் எழுதியதையும் 2023-ல் எழுதியதையும் அருகருகே வைத்து வாசித்தவர் நம்மில் எத்தனை பேர்? 2005-ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டப்படி பத்து ரூபாய் கட்டி, அங்கத்தினரின் பிரயாணப் படி எவ்வளவென்று கேட்டவர் எத்தனை பேர்?

இன்னுமொன்று சொல்லக் கூசுகின்றது. ஆயினும் சொல்லியாக வேண்டும். தேர்தலுக்கு முதல் நாள் இரவு கதவைத் தட்டி வரும் உறையை வாங்கியவர், மறுநாள் எந்த வாயால் கணக்குக் கேட்பார்? அவ்வுறையில் வந்த பணம் எந்தப் பிரமாணப் பத்திரத்திலும் ஏறுவதில்லை. அந்த மறைவான கணக்கில் நாமும் பங்காளிகள். கொடுத்தவர் அதனை வட்டியோடு திரும்ப எடுப்பார். எடுக்கும்போது நாம் வாய் திறக்க முடியாது.

ஆகவே அன்பர்களே, ஆளுவோரின் கணக்கு வெளிச்சத்துக்கு வருவது நன்று. அதை வாசிக்கும் கண் நம்முடையதாதல் அதனினும் நன்று. அக்கண்ணுக்குச் சொந்தமான கை சுத்தமாயிருத்தல் எல்லாவற்றினும் நன்று. முதற் கணக்கை நம் வீட்டுத் திண்ணையிலேயே தொடங்குவோமாக.