இறங்கிக்கொள்ளும் உரிமை

2014 ஏப்ரலில், மெக்சிகோ கரையிலிருந்து சுமார் 900 மைல் தள்ளி, பசிபிக் பெருங்கடலில் 36 அடி நீளமுள்ள ஒரு பாய்மரப் படகு உதவி கேட்டது. படகின் பெயர் ரெபல் ஹார்ட். உள்ளே ஓர் அமெரிக்கத் தம்பதி, மூன்று வயதில் ஒரு மகள், ஒரு வயதில் இன்னொரு மகள். சின்னவளுக்குக் காய்ச்சல், உடம்பில் தடிப்பு. கையிலிருந்த மருந்துக்கு அது கட்டுப்படவில்லை. கலிஃபோர்னியாவிலிருந்து விமானத்தில் வந்த மீட்புப் படையினர் பாராசூட்டில் கடலில் குதித்து, படகில் ஏறி, குழந்தையைக் கவனித்தார்கள். பிறகு ஒரு போர்க்கப்பல் வந்து குடும்பத்தை ஏற்றிக்கொண்டது. படகைக் கைவிட்டு மூழ்கடித்தார்கள். குழந்தை பிழைத்தது. அதற்குப் பின் அமெரிக்காவில் எழுந்த வாய்ச்சண்டைதான் ஓய நாளாயிற்று. பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு நடுக்கடலுக்குப் போனவர்களுக்குப் புத்தி இருக்கிறதா, மீட்ட செலவை யார் கொடுப்பது என்று ஒரு கூட்டம். பிள்ளைகளைத் திரைக்கு முன்னால் உட்கார வைத்துப் பொத்தி வளர்ப்பதுதான் கொடுமை என்று எதிர்க்கூட்டம்.

இரண்டு கூட்டமும் பேசியது ஆபத்தைப் பற்றித்தான். பிள்ளைகுட்டியோடு படகில் குடியிருந்து நாடு நாடாகப் போகிற குடும்பங்களைப் பற்றி எங்கே பேச்சு எழுந்தாலும் அது அங்கேயே போய் நின்றுவிடுகிறது. ஆபத்து பெரிய விஷயம், மறுக்கவில்லை. ஆனால் அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறொன்று. போதும், நான் இறங்கிக்கொள்கிறேன் என்று அந்தப் படகில் யாரால் சொல்ல முடியும்?

இந்த வாழ்க்கையை ஓயாத புயலாகக் கற்பனை செய்துகொள்கிறவர்கள் உண்டு. ஆண்டின் பெரும்பகுதி ஏதோ ஒரு விரிகுடாவில் நங்கூரம் போட்டுக் கிடப்பதுதான் நடைமுறை. துணி துவைக்க வேண்டும், தண்ணீர் பிடிக்க வேண்டும், பழுதான பம்பைக் கழற்றிப் பார்க்க வேண்டும். நெடும்பயணத்துக்குக் காற்றுதான் நாள் குறிக்கிறது. ஐரோப்பாவிலிருந்து கிளம்புகிறவர்கள் கனரித் தீவுகளில் நவம்பர் வரை காத்திருப்பார்கள். கரீபியன் கடலில் சூறாவளிப் பருவம் அப்போதுதான் முடிகிறது. அதன் பிறகு வணிகக் காற்றை முதுகில் வாங்கிக்கொண்டு மேற்கே ஏறத்தாழ 2,700 கடல் மைல். மணிக்குப் பத்து கிலோமீட்டர் வேகத்தில் மூன்று வாரம் ஆகும். குழந்தை உள்ள படகு பார்த்தவுடன் தெரிந்துவிடும்: தளத்தைச் சுற்றியுள்ள கம்பிகளில் வலை கட்டியிருக்கும். உள்ளே படுக்கையின் ஓரத்தில் கனத்த துணி ஒன்றை நிமிர்த்தி இழுத்துக் கட்டியிருப்பார்கள், படகு சாயும்போது பிள்ளை உருண்டு விழாமலிருக்க. வெளியே வர வேண்டுமானால் லைஃப் ஜாக்கெட் போட்டு, உடம்பில் வார் கட்டி, அந்த வாரின் கொக்கியைப் படகில் மாட்டியாக வேண்டும். இரவில் அம்மாவும் அப்பாவும் மூன்று மணி நேரம், நான்கு மணி நேரம் என்று முறைபோட்டு விழித்திருப்பார்கள், பெரிய கப்பல் எதுவும் குறுக்கே வருகிறதா என்று பார்த்துக்கொண்டு. விடிந்ததும் குழந்தை எழுந்துவிடும். தூங்காதவருக்கும் அதே பகல்தான்.

இதில் கிடைப்பதைக் குறைத்துச் சொல்லக் கூடாது. அப்பாவும் அம்மாவும் நாள் முழுவதும் கண்ணெதிரே இருக்கிறார்கள். அவர்கள் செய்யும் வேலை இன்னதென்று பிள்ளைக்குப் புரிகிறது. நம் காலத்தில் எத்தனை பிள்ளைகளுக்குத் தகப்பன் அலுவலகத்தில் என்ன செய்கிறான் என்று தெரியும்? காற்று எந்தப் பக்கம் திரும்புகிறது, தண்ணீர்த் தொட்டியில் எவ்வளவு மிச்சம், கயிற்றில் எந்த முடிச்சு இளகும் என்பதெல்லாம் ஆறு வயதில் சொந்த அறிவாகிவிடுகிறது. சிறு வயதில் பிள்ளைக்குப் பெற்றோர்தான் உலகம். அந்த உலகம் முழுவதும் நாற்பது அடிக்குள் கையெட்டும் தூரத்தில் இருப்பது அந்த வயதுக்குப் பெரிய கொடை என்றே நினைக்கிறேன்.

ஆபத்துக்கு வருவோம். கரையில் மட்டும் ஆபத்து இல்லையா, சாலையில் அடிபட்டுச் சாகும் பிள்ளைகள் எத்தனை என்பது கடலோடிகளின் வழக்கமான பதில். எனக்கு அது வெறும் சமாதானமாகவே படுகிறது. சாலையில் அடிபட்டால் ஆம்புலன்ஸ் வரும். நடுக்கடலில் அவ்வளவு விரைவில் வருவதற்கு எதுவும் இல்லை. அலையை விடத் தூரம்தான் அங்கே பெரிய எதிரி. ரெபல் ஹார்ட் உதவி கேட்டது புயலால் அல்ல, குழந்தையின் நோயால். 1972 ஜூனில் கலாபகோஸ் தீவுகளுக்கு மேற்கே லூசெட் என்ற பாய்மரக் கப்பலைக் கொலைகாரத் திமிங்கிலங்கள் மோதி உடைத்தன. டூகல் ராபர்ட்சன், அவர் மனைவி லின், மூத்த மகன், சின்ன வயது இரட்டையர், கூட வந்த ஓர் இளைஞர் என்று ஆறு பேர். காற்றடைத்த மிதவை இடையிலேயே பயனற்றுப்போக, மீதி நாட்களைச் சிறு துடுப்புப் படகில் கழித்தார்கள். பெரும்பாலும் மழைநீரும் ஆமை இறைச்சியும்தான் உயிர்காத்தன. 38ஆம் நாள் ஒரு ஜப்பானிய மீன்பிடிக் கப்பல் அவர்களைக் கண்டெடுத்தது. லின் செவிலியராக இருந்தது பெரும் பேறு. இன்று செயற்கைக்கோளுக்குச் சமிக்ஞை அனுப்பும் கருவி வந்துவிட்டது, வானிலை முன்னறிவிப்பு கைக்குள் வருகிறது. ஆகவே பணத்தாலும் கவனத்தாலும் ஆபத்தைக் குறைக்க முடியும். அந்தக் கணக்கைப் போட்டு, துணிந்து போகிற பெற்றோரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கருவியால் குறையாத ஒன்று இருக்கிறது, அங்கேதான் எனக்கு நெருடுகிறது.

படகில் ஒருவர் சொல்வதை மற்றவர்கள் கேட்டாக வேண்டும். காற்று சட்டென்று ஏறும்போது பாயைச் சுருக்கு என்றால் சுருக்க வேண்டும். ஏன் என்று நின்று கேட்டால் ஆள் போய்விடும். கப்பல் தலைவனின் அதிகாரத்துக்கு இதுதான் நியாயம், அது நல்ல நியாயமும்கூட. குடும்பப் படகில் அந்தத் தலைவர் பெரும்பாலும் அப்பா. ஏற்கெனவே தகப்பன் என்ற அதிகாரம் இருப்பவருக்கு மேலே இன்னொரு அதிகாரம் வந்து சேருகிறது. புயல் நேரத்துக்கென்று கொடுத்த அதிகாரம் புயல் ஓய்ந்ததும் தானாக இறங்கிவிடாது. அடுத்து எந்தத் துறைமுகம், எத்தனை ஆண்டு, எப்போது ஊர் திரும்புவது என்பதெல்லாம் அதே குரலில் முடிவாகத் தொடங்குகின்றன. அம்மாவுக்குக்கூட மறுக்க இடமில்லாமல் போகலாம். பிள்ளைக்கோ கதவைச் சாத்திக்கொள்ளத் தனி அறையும் இல்லை.

சூசான் ஹேவுட் 2023இல் எழுதிய ‘வேவ்வாக்கர்’ என்ற தன்வரலாறு இதற்குச் சாட்சி. 1976இல், ஏழு வயதில், இங்கிலாந்திலிருந்து பெற்றோரோடும் தம்பியோடும் கிளம்பினார். கேப்டன் ஜேம்ஸ் குக்கின் மூன்றாம் பயணத்தடத்தில் மூன்று ஆண்டு போய்வருவதாகப் பேச்சு. தென் இந்தியப் பெருங்கடலில் ஒரு பேரலை படகைப் புரட்டி எடுத்ததில் அவருக்கு மண்டை உடைந்தது. ஆம்ஸ்டர்டாம் தீவு என்ற தனித்தீவிலிருந்த பிரெஞ்சுத் தளத்து மருத்துவர், மயக்க மருந்து இல்லாமலே அந்தச் சிறுமியின் தலையில் மீண்டும் மீண்டும் அறுவை செய்தார். இதைப் படிக்கும் எவரும் இதுவே புத்தகத்தின் உச்சம் என்று நினைப்பார்கள். என்னை உலுக்கியது அதற்குப் பிறகு வரும் ஆண்டுகள். மூன்று ஆண்டு பத்தாண்டை நெருங்கியது. பள்ளிக்குப் போக வேண்டும், தோழிகள் வேண்டும் என்று ஏங்கிய பெண், கட்டணம் கொடுத்துப் படகில் பயணம் செய்தவர்களுக்குச் சமைத்துப்போட்டுக்கொண்டே, அஞ்சல்வழியில் வந்த பாடங்களை ஒளிந்து உட்கார்ந்து படித்தார். பதின்ம வயதில் நியூசிலாந்தில் அவரையும் தம்பியையும் விட்டுவிட்டுப் பெற்றோர் மறுபடி கடலேறினார்கள். பின்னாளில் அவர் ஆக்ஸ்ஃபோர்டுக்குப் போனார். கடல்வாழ்க்கைதான் அந்த மனவுறுதியைக் கொடுத்தது என்று சொல்ல ஆள் வரும். கரையேறியவரைக் காட்டி வெள்ளத்தைப் புகழக் கூடாது. மண்டை உடைந்தது விபத்து. பத்தாண்டு நீண்டது முடிவு. அந்த முடிவை எடுத்தவர்கள் பெரியவர்கள்.

எந்தப் பெற்றோர்தான் பிள்ளையைக் கேட்டுச் செய்கிறார்கள் என்று இங்கே ஒருவர் குறுக்கிடலாம். வேலைக்காக நாடு மாறுகிறவர்கள், நல்ல மதிப்பெண்ணுக்காக விடுதியில் தள்ளுகிறவர்கள் யார் பிள்ளையிடம் வாக்கு வாங்கினார்கள்? கேள்வி சரிதான், இதைத் தட்டிவிட முடியாது. ஆனால் கரையில் வளரும் பிள்ளைக்கு வீட்டுக்கு வெளியே பல வாசல் இருக்கிறது. பாட்டி இருக்கிறாள், சித்தப்பா இருக்கிறார், முகம் வாடியிருப்பதைக் கவனிக்கும் ஒரு டீச்சர் இருக்கலாம், கோபித்துக்கொண்டால் போய் உட்கார எதிர்வீட்டுத் திண்ணை இருக்கலாம். தகப்பன் சொல்வதே உலகம் என்ற நிலை அங்கே நாளாக ஆக உடைகிறது. படகு அந்த வாசல்களையெல்லாம் அடைத்துவிடுகிறது, அதுவும் யாரும் கெட்ட எண்ணத்தோடு அடைக்காமலே. அந்தமான் கடலின் மோக்கன் மக்கள் தலைமுறை தலைமுறையாகப் படகில் பிள்ளை வளர்க்கவில்லையா என்று கேட்பவர்களுக்கும் இதுதான் பதில். அந்தப் பிள்ளைகளுக்குத் தண்ணீருக்கடியில் ஐரோப்பியப் பிள்ளைகளை விட இரண்டு மடங்கு தெளிவாகப் பார்வை இருப்பதை ஸ்வீடனின் லுண்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் அளந்து காட்டினார்கள். கடலில் பிள்ளை நன்றாகவே வளரும் என்பதற்கு அது சான்று. ஆனால் மோக்கன் படகு தனியாகப் போனதில்லை. சொந்தபந்தம் பல படகுகளில் கூடவே போனது. இன்று கரீபியனில் பிள்ளையுள்ள குடும்பங்கள் ஒருவர் பாதையை ஒருவர் விசாரித்து, ஒரே துறையில் நங்கூரம் போட ஏற்பாடு செய்துகொள்வது நல்ல புத்தி. அந்தக் குடும்பங்கள் எதை இழந்திருக்கிறோம் என்று உணர்ந்திருக்கின்றன.

படிப்பைப் பற்றி நீட்ட வேண்டியதில்லை. பிரான்ஸில் 1939 முதலே அரசின் தொலைநிலைக் கல்வி நிறுவனம் இருக்கிறது. இங்கிலாந்துச் சட்டம் பள்ளியிலோ வேறு வழியிலோ கல்வி கிடைத்தால் போதும் என்கிறது. ஜெர்மனி பள்ளிக்கு அனுப்பியே தீர வேண்டும் என்கிறது. கணக்கும் இலக்கணமும் படகில் வரும். சண்டை போட்டு மறுநாள் அதே பையனோடு மறுபடி விளையாடுவது மட்டும் பாடப்புத்தகத்தில் வராது.

சட்டம் எங்கே தலையிடுகிறது என்று பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. இங்கிலாந்தின் கால்வாய்களில் நிலக்கரி ஏற்றிய ஏழைக் குடும்பங்கள் படகின் பின்புறம் பத்தடிச் சிற்றறையில் பிள்ளைகளோடு வாழ்ந்தபோது, அதை இழிவென்று கண்டு 1877இலும் 1884இலும் சட்டம் போட்டார்கள். ஓர் அறையில் எத்தனை பேர், பிள்ளை பள்ளிக்குப் போகிறதா என்றெல்லாம் அதிகாரிகள் வந்து பார்த்தார்கள். காசுள்ளவன் அதே அளவு அறையில் பிள்ளை வளர்த்தால் அது சாகசம், புத்தகமாக வரும். இன்னொரு முரண் நெதர்லாந்தில். லாரா டெக்கர் 1995இல் பெற்றோரின் உலகப் பயணத்தின் நடுவே நியூசிலாந்தில் பிறந்தவர். படகிலேயே நடை பழகினார். 13 வயதில் தனியாக உலகைச் சுற்றப் போகிறேன் என்றபோது நீதிமன்றம் அவரைக் குழந்தைநல மேற்பார்வையில் வைத்தது. ஓராண்டு போல வழக்கு நடந்து, 2010 ஜூலையில் அனுமதி கிடைத்தது. 2012 ஜனவரியில், 16 வயதில், சுற்றி முடித்தார். சிறுமி தன் ஆசையைச் சொன்னால் அதைச் சோதிக்க அத்தனை கேள்வி. ஏழு வயதுப் பிள்ளையைப் பத்தாண்டு கடலில் வைத்திருக்கும் பெற்றோரின் ஆசையைச் சோதிக்க ஒரு கேள்வியும் இல்லை.

பிள்ளையே ஆசைப்பட்டால்? அதுவும் நடக்கிறது. ராபர்ட்சன் குடும்பத்தில் பயணப் பேச்சைத் தொடங்கி வைத்ததே இரட்டையரில் ஒருவன்தான். சிறுவனின் அந்த ஆசை நிஜமானது, ஆனால் ஒரு மாலையின் ஆசை. அதை நம்பி விவசாயப் பண்ணையை விற்றவர்கள் பெரியவர்கள். அந்தக் குடும்பத்தில் நான் அடிக்கடி நினைப்பது மகளைத்தான். வளர்ந்த பெண், வழியில் பஹாமாஸில் இறங்கிக்கொண்டார். கப்பல் உடைந்தபோது அவர் அதில் இல்லை. இரட்டையருக்கு அந்த வயதும் இல்லை, வழியும் இல்லை.

பதினோரு, பன்னிரண்டு வயது வரை படகு வாழ்க்கை பிள்ளைக்கு நல்லது, பல வீடுகளை விடவும் நல்லது என்று சொல்ல எனக்குத் தயக்கமில்லை. கிளம்ப ஆயத்தமாகும் பெற்றோரிடம் கேட்பது சில ஏற்பாடுகள்தான். திரும்பும் தேதியைப் பிள்ளைகளுக்கு முன்னால் எழுதி வையுங்கள். அதை நீட்ட வேண்டுமானால், மறுக்கும் உரிமையோடு அவர்களிடம் கேளுங்கள். ஊர் திரும்பும் விமானச் செலவைத் தொடாத பணமாகத் தனியே போட்டு வையுங்கள். நீங்கள் பக்கத்தில் இல்லாமல் பிள்ளை பேசுவதற்குக் கரையில் ஒரு பெரியவரை ஏற்பாடு செய்யுங்கள். மூத்த பிள்ளைக்குப் பதின்மூன்று ஆகும்போது, அந்தப் பிள்ளை போதும் என்றால் படகைக் கரையில் கட்டிவிடுங்கள். இதற்கெல்லாம் ஒப்பாத தகப்பன் தனியாகப் போகட்டும்.