கடைசிப் பந்தி

வெளியுலகில் சமத்துவம் கோருகின்ற ஒருவன், தன் இல்லத்தினுள் அதனை வழங்கக் கடமைப்பட்டவனா? அன்றி, வெளியில் பட்ட புண் ஆறும்வரையில் இல்லத்துக் கணக்கை ஒத்திவைக்க அவனுக்கு உரிமை உண்டா? இவ்வினா நம் கூட்டங்களில் எழுவதில்லை. நாம் தெருவைப் பற்றிப் பேசுவோம். தேநீர்க் கடையைப் பற்றிப் பேசுவோம். கிணற்றையும் சுடுகாட்டையும் பற்றிப் பேசுவோம். அடுக்களையைப் பற்றிப் பேச மட்டும் நமக்கு நா எழுவதில்லை. ஆயினும், அன்பர்களே, மனித மனத்தை ஆராய்ந்த அறிஞர் பலர் கண்டு கூறியவற்றை நோக்குமிடத்து, தெருவும் அடுக்களையும் இரு வேறு உலகங்கள் அல்ல என்பது தெளிவாகின்றது.

முதலில் தெருவை நோக்குவோம். கோபாலபுரம், கோவிந்தாபுரம் முதலிய ஊர்கள் அடங்கிய இவ்வெல்லைப் புறத்தில் தமிழும் மலையாளமும் ஒரே வாயில் வழங்கும். தென்னந்தோப்பும் மாந்தோப்பும் இரு மாநிலத்தார்க்கும் கூலி அளிக்கும். சாதியும் அவ்வாறே சோதனைச் சாவடியில் நிறுத்தப்படாமல் இருபுறமும் கடந்து செல்லும். 2017-ஆம் ஆண்டில், முதலமடை ஊராட்சியைச் சேர்ந்த கோவிந்தாபுரம் அம்பேத்கர் காலனியில் வாழும் சக்கிலியர் மக்கள், குடிநீர் பிடிப்பதிலும் தேநீர்க் கடையிலும் தாங்கள் வேற்றுமையாக நடத்தப்படுவதாக முறையிட்டனர். அச்செய்தி கேரளம் முழுவதும் பேசப்பட்டது. தீண்டாமை ஒழிக்கப்பட்டது என்று கூறும் அரசியல் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நடைமுறைக்கு வந்து அப்போது 67 ஆண்டுகள் கடந்திருந்தன.

தனிக் குவளையில் ஊற்றப்படும் தேநீரிலும் பாலும் சர்க்கரையும் உண்டு. அதனைக் குடிப்பதால் உடலுக்கு என்ன தீங்கு என்று வாதிடுவோர் உளர். தீங்கு உடலுக்கு அன்று. அக்குவளை ஒரு செய்தியைச் சுமந்து வருகின்றது. ‘நீ எவ்வளவு முயன்றாலும் உன்னை நாங்கள் மதிக்கும் அளவு இதுவே’ என்பது அச்செய்தி. அதனை நாள்தோறும் பருகுகின்ற மனத்துக்கு என்ன நேர்கின்றது?

இதனைச் சோதித்துப் பார்த்தவர்கள் கார்லா ஹாஃப், பிரியங்கா பாண்டே என்னும் இரு பெண் அறிஞர்கள். உத்தரப் பிரதேசத்துச் சிற்றூர்களில் 6, 7-ஆம் வகுப்புகளில் பயிலும் சிறுவர்களை அவர்கள் தெரிந்தெடுத்தனர். உயர்சாதியார் 321 பேர். தாழ்த்தப்பட்டோர் 321 பேர். சிக்கலான வழிகளுக்குள் கோடு இழுத்து வெளிவாயிலை அடையும் காகிதப் புதிர்கள் அவர்களுக்கு அளிக்கப்பட்டன; விடுவித்த புதிருக்கு ஏற்பப் பணமும் தரப்பட்டது. யார் எந்தச் சாதி என்று சொல்லப்படாதபோது இரு சாராரும் ஏறத்தாழச் சமமாகவே விளங்கினர். பின்னர், வேறு குழுக்களில், ஒவ்வொரு சிறுவனுடைய பெயரும் ஊரும் தந்தை, பாட்டன் பெயர்களும் சாதியும் அனைவர் முன்னிலையிலும் உரக்க வாசிக்கப்பட்டன. அவ்வளவே. புதிர் மாறவில்லை, கூலி மாறவில்லை, தாழ்த்தப்பட்ட சிறுவர்களின் திறன் மட்டும் கணிசமாகச் சரிந்தது.

இவ்வாய்வில் இன்னும் ஒரு நுட்பம் உண்டு. கூலி யாருக்கு என்பதைக் குலுக்கல் சீட்டால் முடிவு செய்தபோது, சாதி வாசிக்கப்பட்டும் அவ்வேற்றுமை மறைந்துவிட்டது! இதன் பொருள் யாது? அச்சிறுவர்களின் அறிவு குன்றவில்லை. தம்மை மதிப்பிடும் மனிதர் நேர்மையாக மதிப்பிடுவர் என்னும் நம்பிக்கையே குன்றிற்று. சீட்டுக்குச் சாதி தெரியாது. ஆதலின் சீட்டை அவர்கள் நம்பினர். பன்னிரண்டு வயதுப் பாலகன் மனிதனைவிடக் காகிதத் துண்டை நம்பக் கற்றுக்கொண்டிருக்கின்றான் எனில், இச்சமூகம் அவனுக்குக் கற்பித்த பாடம் எத்தகையது என்பதை எண்ணிப் பாருங்கள்.

வளர்ந்தோர் நிலையும் இதுவே. ஆஷிஷ் குப்தா, டயான் காஃபி ஆகியோர் 2020-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தாழ்த்தப்பட்டோரும் முஸ்லிம்களும் உயர்சாதி இந்துக்களைவிட மனநலத்தில் பின்தங்கியுள்ளனர் என்று காட்டினர். இது வறுமையினால் விளைந்ததன்றோ எனக் கேட்கலாம். செல்வத்தையும் கல்வியையும் கணக்கில் எடுத்துக் கழித்த பின்னரும் அவ்வேற்றுமை முற்றும் நீங்கவில்லை. வயிறு நிரம்பியவனையும் இழிவு வாட்டும் என்பது இதனாற் பெறப்படும்.

இனி, அவ்விழிவு இல்லத்தினுள் நுழையும் வழியைக் காண்போம். பஞ்சு மில்லில் வேலை செய்தோர்க்கு ஓர் உண்மை தெரியும். பேல் பஞ்சில் ஒட்டிவந்த தூசியையும் கொட்டையையும் புளோரூமிலேயே அடித்து நீக்கிவிட வேண்டும். அங்கே நீங்காதது நூலிலும் வரும்; துணியிலும் முடிச்சாக நிற்கும். மனிதன் வெளியில் பெற்ற அவமதிப்பும் அத்தகையதே. அது நீக்கப்படாமல் வாயிற்படியைத் தாண்டினால் மனைவியின் முதுகிலும் மகனுடைய கன்னத்திலும் முடிச்சாக விழும்.

இது வெறும் உவமை அன்று. அமெரிக்க அறிஞர் கிளென் எல்டர், ஓக்லண்டு நகரில் 1920, 1921-ஆம் ஆண்டுகளில் பிறந்த 167 பேருடைய வாழ்க்கையை ஆராய்ந்து 1974-இல் நூலாக வெளியிட்டார். 1930-களின் பெரும் மந்தத்தில் அக்குடும்பங்கள் பல வருவாயை இழந்தன. அவரும் உடனிருந்தோரும் பின்னர்த் தொடர்ந்து செய்த ஆராய்ச்சிகளில் கண்டது இது: பண இழப்பு குழந்தைகளைத் தாக்கிய முக்கிய வழி, தந்தையின் நடத்தையே. வேலையும் மதிப்பும் இழந்த தந்தை சினமும் கடுமையும் மிக்கவனானான். அக்கடுமையே குழந்தையின் மனத்தைக் கெடுத்தது. வறுமை வந்தும் தந்தை நிதானம் இழக்காத இல்லங்களில் குழந்தைகளுக்கு அத்தீங்கு குறைவாகவே இருந்தது. அன்பர்களே, இதில் நமக்கு எச்சரிக்கையும் உண்டு, ஆறுதலும் உண்டு. வெளியார் நமக்குச் செய்வதைத் தடுக்க நம்மால் இயலாத நாட்கள் உண்டு. அது நம் குழந்தையை அடைவதும் அடையாமையும் பெரும்பாலும் நம் கையில் உள்ளது.

இழிவு கீழ்நோக்கி உருளும் தன்மையது. 2011–12-இல் நாடெங்கும் 42,000-க்கும் மேற்பட்ட குடும்பங்களிடம் எடுக்கப்பட்ட இந்திய மனித வளர்ச்சி ஆய்வில், தம் வீட்டில் தீண்டாமை கடைப்பிடிக்கப்படுவதாகத் தாமே ஒப்புக்கொண்ட குடும்பங்கள் 27 சதவீதம். பிராமணக் குடும்பங்களில் அது 52 சதவீதம். பட்டியல் சாதியாரிடத்தும் 15 சதவீதம்! மேலே இருந்து மிதிபட்டவன் தனக்குக் கீழ் ஒருவன் உளனா என்று தேடுகின்றான். ஊரில் அப்படி ஒருவனும் இல்லாவிடினும், வீட்டில் ஒருத்தி இருக்கின்றாள்.

அவளைப் பற்றிய ஆராய்ச்சியே இக்கட்டுரையை எழுதத் தூண்டியது. இந்தியாவில் சமூக மனப்பான்மையைத் தொலைபேசி வழியே கேட்டறியும் ஆய்வு ஒன்று சில ஆண்டுகள் நடத்தப்பட்டது. அதன்கண் 2018-இல் பீகார், ஜார்க்கண்டு, மகாராட்டிரம் ஆகிய மாநிலங்களில் திரட்டிய செய்திகளைக் கொண்டு, பாயல் ஹாதி, டயான் காஃபி, அமித் தோரட், நசர் காலித் ஆகியோர் 2021-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். வீட்டில் ஆண்கள் உண்ட பின்னர்க் கடைசியாக உண்ணும் பெண்களின் மனநலத்தை, அவ்வாறு காத்திராத பெண்களின் மனநலத்தோடு ஒப்பிட்டனர். பொருளாதார நிலையைக் கணக்கிற் கொண்டு பார்த்தபோதும், கடைசியில் உண்போரின் மனநலம் குறைந்தே காணப்பட்டது. கடைசியில் உண்பதொன்றே மனநோயை உண்டாக்கிற்று என்று இதனால் நாட்டிவிட முடியாது. இரண்டும் ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கின்றன என்பதே இதனாற் காட்டப்படுவது. ஆயினும் அவ்வறிஞர்கள் சுட்டும் இரு வழிகள் நம் சிந்தனைக்கு உரியவை. ஒன்று, கடைசியில் உண்பவளுக்கு நல்லுணவு எஞ்சுவதில்லை, உடல் நலியும். மற்றொன்று, உண்ணும் வேளையைக்கூடத் தீர்மானிக்க உரிமை அற்றவள் வீட்டின் வேறு எச்செயலிலும் உரிமை அற்றவளாகவே இருப்பாள்.

இனித் தேநீர்க் கடையின் தனிக் குவளையையும் நம் வீட்டுக் கடைசிப் பந்தியையும் அருகருகே வைத்து நோக்குங்கள். இரண்டிலும் உணவு மறுக்கப்படவில்லை, வரிசையே வகுக்கப்படுகின்றது. இரண்டிலும் காரணம் கேட்டால் ‘வழக்கம்’ என்பதே விடை. நம் சங்கக் கூட்டங்களிலேயே இதனைக் காணலாம். சமத்துவத்தைப் பற்றி இரண்டு மணி நேரம் சொற்பொழிவு நடக்கும், கைதட்டல் முழங்கும். பின்னர் இலை போடப்படும். முதற்பந்தியில் ஆடவர் அமர்வர். சமைத்த பெண்கள் சுவரோரம் நிற்பர். குழம்பின் அடிவண்டலும் உடைந்த அப்பளமும் அவர்களுக்கு.

இதற்கு மறுப்புகள் உண்டு. அவற்றையும் நேர்மையாக ஆராய்வோம்.

‘அவள் அன்பினால் காத்திருக்கின்றாள், அன்பை அடிமைத்தனம் என்பது தகுமா?’ என்பர் சிலர். தாயின் அன்பை யான் மறுக்கவில்லை. பசித்த பிள்ளைக்கு முதலில் ஊட்டாத தாய் இல்லை. ஆயின் அன்பு இரு திசையிலும் ஓடுவது. வயலில் பகலெல்லாம் குனிந்துவிட்டு வந்த மனைவிக்காகக் கணவன் காத்திருந்த நாட்கள் எத்தனை? ஒரே திசையில் மட்டும் ஓடி, ஒருவருக்கே உரிமையாகிப்போன அன்பு, அன்பின் பெயரைத் தாங்கிய வரியேயாகும். 2019–21-இல் எடுக்கப்பட்ட ஐந்தாம் தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, 15 முதல் 49 வயதுவரையுள்ள இந்தியப் பெண்களில் 57 சதவீதத்தினருக்கும் ஆடவரில் 25 சதவீதத்தினருக்கும் இரத்தசோகை உள்ளது. பெண்ணுடலின் இயல்பும் இதற்கு ஒரு காரணம் என்பது உண்மை. அவ்வியல்பினால் அவளுக்கே சத்துணவு மிகுதியும் வேண்டும் என்பதும் உண்மையன்றோ? எனினும் சட்டியின் அடியே அவளுக்கு எஞ்சுகின்றது.

‘அவளே இதனை ஏற்றுக்கொண்டிருக்கின்றாள், நமக்கென்ன?’ என்பர் வேறு சிலர். இவ்வாதத்தை நாம் எங்கேயோ கேட்டிருக்கின்றோம்! ‘அவர்களே வெளியில் நின்று குடிக்கிறார்கள்; உள்ளே வா என்றாலும் வருவதில்லை’ என்று கடைக்காரன் கூறியபோது நமக்கு எவ்வளவு சினம் மூண்டது! பழகிப்போன இழிவு இசைவு ஆகாது. இவ்வெல்லையின் இருபுறத்தையும் பாருங்கள். கணவனால் எப்போதேனும் கொடுமைக்கு உள்ளானதாகக் கூறிய பெண்கள் தமிழ்நாட்டில் 38.1 சதவீதம், கேரளத்தில் 9.9 சதவீதம் என்று அதே ஆய்வு கூறுகின்றது. சொல்லாமல் மறைத்தோர் இருபுறமும் இருப்பர். ஆயினும் அருகருகே வாழும் மக்களிடையே வீட்டுக் கொடுமை ஊழ்வினை அன்று, மாற்றத்தக்கதே என்பதற்கு இவ்வேற்றுமை சான்று. மற்றொன்றையும் காண்க. கொடுமை குறைந்த அக்கேரளத்திலும், சில காரணங்களுக்காகக் கணவன் மனைவியை அடிப்பது தகும் என்று கூறிய பெண்கள் பாதிக்கு மேற்பட்டோர். கை ஓய்ந்த பின்னும் கருத்து ஓயவில்லை. ஆகவே, அவள் ஏற்றுக்கொண்டாள் என்பது நமக்கு விடுதலைப் பத்திரம் ஆகாது.

‘முதலில் ஊர்ச் சாதி ஒழியட்டும், வீட்டை அப்புறம் பார்ப்போம்’ என்பது மூன்றாவது மறுப்பு, இதுவே வலிமையானது. இதற்கு விடை இக்கேரள மண்ணிலேயே உண்டு. 1917-இல் சேராயியில் சகோதரன் அய்யப்பன், ஈழவரையும் புலையரையும் ஒன்றாக அமர்த்தி உணவு உண்ணச் செய்தார். அக்காலத்தில் ஈழவர் தாமே மேற்சாதியாரால் ஒதுக்கப்பட்டவர்கள். கோயில் வாயில் அவர்களுக்கு மூடியிருந்தது. ‘மேலுள்ளோர் நம்மை ஏற்கட்டும், பின்னர் நாம் கீழுள்ளோரை ஏற்போம்’ என்று அவர் காத்திருக்கவில்லை. தம் இனத்தாரே அவரைப் ‘புலையன் அய்யப்பன்’ என்று இகழ்ந்தனர். அப்பெயரை அவர் பெருமையாகவே ஏற்றார். தான் கோரும் நீதியைத் தன்னினும் எளியோர்க்கு முதலில் வழங்கியவனுடைய சொல்லுக்கே எடை உண்டு. வழங்காதவன் கோருவது நீதி அன்று. தனக்கு ஓர் உயர்ந்த பீடம் மட்டுமே.

ஆகவே, தொடக்கத்தில் எழுப்பிய வினாவுக்கு என் விடை இது: வெளியில் பட்ட அவமதிப்பு நம் சினத்துக்குக் காரணம் ஆகலாம், நம் கொடுமைக்கு நியாயம் ஆகாது. புண்பட்டவன் என்பதால் பிறரைப் புண்படுத்தும் உரிமை எவனுக்கும் கிடைப்பதில்லை. மாறாக, புண்ணின் வலியை அறிந்தவன் என்பதால் அவனுடைய கடமை மிகுகின்றது.

பகவான் புத்தர் சிகாலன் என்னும் இளைஞனுக்கு உரைத்த இல்லறப் போதனையில், கணவன் மனைவிக்கு ஆற்ற வேண்டிய கடமைகளுள் முதலில் வைக்கப்பட்டது அவளைக் கண்ணியப்படுத்துதல். அடுத்தது அவளை இகழாதிருத்தல். நகையும் அணியும் கடைசியிலேயே வருகின்றன. நாம் அவ்வரிசையைத் தலைகீழாக்கி, தீபாவளிச் சேலையோடு கடமை முடிந்ததாகக் கருதுகின்றோம்.

செய்யத்தக்கவை கடினமானவை அல்ல. இல்லத்தில் ஒருவேளையேனும் அனைவரும் ஒன்றாக அமர்ந்து உண்க. ஷிப்டு முடிந்து நேரம் கழித்து வருபவனுக்காக அவள் பசித்திருத்தல் வேண்டா. அவனுடைய பங்கு மூடி வைக்கப்படட்டும். மகன் தன் தட்டைத் தானே கழுவட்டும். மகளுக்குப் பரிமாறவும் பழகட்டும். வெளியில் அவமதிக்கப்பட்ட நாளில், அதனைக் கையால் இறக்காமல் வாயால் மனைவியிடம் சொல்லுக. சொல்லப்பட்ட துயரம் பாதி குறையும், அடிக்கப்பட்ட துயரமோ இருமடங்காகும். சங்கத்து விருந்தில், சமைத்தோர் அமராத பந்தியில் எவரும் அமர்தல் வேண்டா.

கடைக்காரனுடைய இரண்டாவது குவளையை உடைக்கச் சட்டமும் போராட்டமும் வேண்டும். அப்போராட்டத்தை நாம் கைவிடோம். நம் வீட்டுக் கடைசிப் பந்தியை ஒழிக்க எந்தச் சட்டமும் வேண்டா, இன்றிரவே இயலும். அதனைச் செய்யாத கையால் அந்தக் குவளையை உடைக்க ஓங்குவது எங்ஙனம்?