கண்டதும் கருதியதும்

‘கண்ணால் காண்பதும் பொய்’ என்னும் முதுமொழியை நாம் நெடுங்காலம் ஏற்றுக்கொண்டதில்லை. கண்டதைக் கண்டபடி சொல்பவனே சாட்சி. கண்ணும் பொய்க்குமாயின் நீதி எதன்மேல் நிற்கும் என்று மாணவர்களிடம் வாதிட்டும் இருக்கிறோம். அந்த வாதத்தை முறித்தது ஓர் எவர்சில்வர் தம்ளர்.

நம் இளைய மகள் ஓவியம் பயில்கிறாள். ஒருநாள் சன்னலோர மேசைமேல் கெண்டி, தம்ளர், இரண்டு எலுமிச்சம்பழங்கள் ஆகியவற்றை வைத்துப் பார்த்து வரைந்துகொண்டிருந்தாள். (உயிருள்ளவற்றை வரைவதில் உலமாக்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. மரத்தையும் உயிரற்ற பொருளையும் வரைய இப்னு அப்பாஸ் (ரலி) அவர்கள் இசைவளித்த செய்தி புகாரியிலேயே இருப்பதால், அந்த வாசலில் நாம் தயங்கி நிற்கவில்லை.) தம்ளரின் வாயை அவள் நசுங்கிய வட்டமாக வரைந்திருக்கக் கண்டு, “அது வட்டமல்லவா மகளே?” என்று திருத்தினோம். “வட்டம் என்று உங்களுக்குத் தெரியும் வாப்பா. இங்கிருந்து எப்படித் தெரிகிறது, அதைச் சொல்லுங்கள்” என்றாள்.

ஒரே சொல்! அறிவதையும் பார்வையில் படுவதையும் தமிழ் ‘தெரிதல்’ என்றே சொல்கிறது. அரபியிலும் பார்வையைக் குறிக்கும் ‘ருஃயத்’தும் கருத்தைக் குறிக்கும் ‘ரஃயு’ம் ஒரே வேரில் கிளைத்தவை. முப்பது ஆண்டுகளாக அந்த வேரைப் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுத்த நாம், இரண்டு கிளைகளும் வெவ்வேறு என்பதைப் பென்சில் பிடித்த பிறகே உணர்ந்தோம்.

ஆம், நாமும் வரைய அமர்ந்தோம். கையை நீட்டி, ஒரு கண்ணை மூடி, பென்சிலால் அகலத்தையும் உயரத்தையும் அளந்து ஒப்பிடக் கற்றுத் தந்தாள். தம்ளர் மேசையில் தட்டையாக நிற்கிறது என்று ‘அறிந்திருந்ததால்’ அடிப்பகுதியை நேர்கோடாக இழுத்தோம். உண்மையில் அது பார்வை மட்டத்திற்கு இன்னும் கீழே இருப்பதால், வாயைவிடக் கூடுதலாக வளைந்து தெரிகிறது. கெண்டியின் மூக்கு நம்மை நோக்கி நின்றது. அது நீளமானது என்பது நம் அறிவு, குட்டையாகத் தெரிந்தது கண்ணின் செய்தி. நாம் நீளமாகவே வரைந்தோம். நாம் பிழையின்றி வரைந்தது ஒன்றே ஒன்று: கெண்டிக்கும் தம்ளருக்கும் இடையே இருந்த வெற்றிடம். அதற்குப் பெயரில்லை, ஆகவே அதைப் பற்றிய முன்முடிவும் நம்மிடம் இல்லை.

965-இல் பஸராவில் பிறந்த இப்னுல் ஹைதம், ‘கிதாபுல் மனாழிர்’ நூலில் இதை ஆராய்ந்திருக்கிறார். ஒளியும் நிறமும் மட்டுமே வெறும் புலனால் அறியப்படுவன. பொருள் இன்னதென அடையாளம் காண்பதில் நினைவும் அனுமானமும் கலக்கின்றன. அவை நொடியில் நடப்பதால் நாம் கவனிப்பதில்லை என்பது அவர் முடிவு. மேடைகளில் பெருமைப் பட்டியல் வாசிக்கும்போது அவர் பெயரை நாம் விட்டதேயில்லை. அவர் சொன்னதைப் பொருட்படுத்தியதும் இல்லை!

அனுமானமே கூடாதென்று சொல்ல வரவில்லை. உயிர்க்குறியிடாத அரபி வரியை அறிவின் துணையின்றி எவரால் வாசிக்க முடியும்? ஆனால் ஏட்டில் இருப்பது எது, நாம் இட்டு நிரப்பியது எது என்று நல்ல ஆசிரியருக்குத் தெரிந்திருக்கும்.

நமக்கு ஒருமுறை தெரியாமற்போயிற்று. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு முன் ஒரு கடையில் பணம் காணாமற்போய், ஊர்ப் பெரியவர்கள் முன் விசாரணை நடந்தது. அங்கே வேலை பார்த்தவர் பணப்பையைத் துண்டில் மறைத்து எடுத்துச் சென்றதைக் கண்டதாக நாம் சொன்னோம். ஓதிக்கொடுப்பவரின் சொல் அன்றோ. எவரும் குறுக்குக் கேள்வி கேட்கவில்லை. அவர் வேலையை இழந்து ஊரைவிட்டே போனார். மஃரிப் வேளை மங்கலில் நாம் உண்மையில் கண்டது என்ன? அக்குளில் மடித்த துண்டு; விரைந்த நடை. பையைக் காணவில்லை. அவர் எடுத்திருக்கவும் கூடும். அது இன்றுவரை எவருக்கும் தெரியாது. ஆயினும் நாம் சாட்சி என்று சொன்னதில் பாதி நம் ரஃயு.

எலுமிச்சம்பழங்கள் காய்ந்துவிட்டன. மகள் வேறு பழங்களை வைத்திருக்கிறாள். அந்த மனிதர் இப்போது எங்கிருக்கிறார் என விசாரித்ததில் ஓர் ஊரின் பெயர் கிடைத்தது. ரமலானுக்கு முன் போய்வர எண்ணியிருக்கிறோம். துண்டை மட்டுமே கண்டோம் என்று அவரிடமும், அன்றைய விசாரணையில் இருந்தவர்களுள் எஞ்சியிருக்கும் இருவரிடமும் சொல்ல வேண்டும்.