பேச ஓர் ஆள்

பிரெஞ்சு கஷ்டமா, இங்கிலீஷ் கஷ்டமா என்று பிள்ளைகள் கேட்கிறார்கள். எந்த ஊரில் நின்றுகொண்டு கேட்கிறார்கள் என்பதை வைத்துத்தான் இதற்குப் பதில் சொல்ல முடியும் என்று எனக்குத் தோன்றுகிறது. பாலசமுத்திரத்தில் நின்று யோசித்தால் கேள்வியே வேறு மாதிரி தெரிகிறது. சித்தூர் மாவட்டத்தின் ஓரத்தில், பள்ளிப்பட்டுப் பக்கத்து மண்டலம் இது. 1960 ஏப்ரல் 1 அன்று எல்லைக்கோடு மாறியபோது திருத்தணியும் பள்ளிப்பட்டும் சென்னை மாநிலத்துக்குப் போயின. இந்தப் பக்கம் ஆந்திரத்திலேயே நின்றுவிட்டது. வீட்டில் தமிழ் பேசுகிற குடும்பங்களுக்கும் மண்டல ஆபீஸில் தெலுங்குதான். இங்கே வளர்ந்த ஒருவரிடம், தெலுங்கு கற்றுக்கொள்வது கஷ்டமாக இருந்ததா என்று கேட்டால் முகத்தைப் பார்ப்பார். கற்றுக்கொண்டதாகவே அவருக்கு நினைவிருக்காது.

இந்த எல்லையோரத்து பஸ் நிறுத்தத்தில் பூக்காரம்மா பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றால் போதும். "எந்தம்மா?" என்று ஒருத்தி கேட்டால் "மூர இரவை" என்கிறார். அடுத்தவளிடம் "முழம் இருபதும்மா, எடுத்துக்கோ" என்கிறார். முழம் போடும் கை நிற்பதே இல்லை. இத்தனைக்கும் தெலுங்கு இலக்கணம் தமிழருக்குச் சுலபமானதல்ல. அவன் வந்தால் 'வச்சாடு'; அவள் வந்தால் 'வச்சிந்தி'; மாடு வந்தாலும் அதே 'வச்சிந்தி'. ஆனால் பெண்கள் பலராக வந்தால் ஆண்களோடு சேர்ந்து 'வச்சாரு' ஆகிவிடுகிறார்கள். ஒருமையில் மாட்டோடும் பன்மையில் மனிதரோடும் பெண்ணைச் சேர்க்கும் இந்த விதியைப் பாடப்புத்தகத்தில் படித்தால் தலை சுற்றும். பூக்காரம்மா ஒரு நாளும் அதில் தடுக்கி விழுந்ததில்லை.

பிரெஞ்சைப் பற்றிச் சொல்லப்படும் பயங்கள் எல்லாம் இதே வகைதான். மேசை பெண்பால், புத்தகம் ஆண்பால். உயிரில்லாததையெல்லாம் அஃறிணையில் போட்டுப் பழகிய நமக்கு இது அநியாயமாகப் படும். எண்பதை 'நான்கு இருபது' என்பார்கள். தொண்ணூற்றொன்பது 'நான்கு இருபது, பத்தொன்பது'. உதட்டை 'உ' சொல்வதுபோல் குவித்து, உள்ளே நாக்கால் 'இ' சொன்னால் வரும் ஒலி ஒன்று உண்டு. முதல் வாரத்தில் வகுப்பு முழுவதும் ஊதுவதுபோல் உதட்டைக் குவித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும். சொல்லின் கடைசியில் எழுதுகிற எழுத்துகளில் பாதி வாயில் வராது.

மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். பிரெஞ்சில் நமக்குப் பழகிய நீயும் நீங்களும் இருக்கின்றன; கலெக்டரையும் தம்பியையும் ஒரே சொல்லால் கூப்பிடும் சங்கடம் இல்லை. 'போகிறேன், போகிறாய்' என்று ஆளுக்கு ஆள் வினை மாறுவதும் நமக்குப் புதிதல்ல. விதிகளைப் படித்துவிட்டால் பிரெஞ்சு எழுத்தைப் பார்த்துப் பெரும்பாலும் பிழையில்லாமல் வாசித்துவிடலாம். இங்கிலீஷில் 'புட்'டுக்கும் 'பட்'டுக்கும் நடுவே ஒரே உயிரெழுத்து எந்த நியாயத்தில் மாறுகிறது என்று எந்த வாத்தியாரும் விளக்கியதில்லை. 1066-இல் நார்மன்கள் இங்கிலாந்தைப் பிடித்த பிறகு ஆயிரக்கணக்கான பிரெஞ்சுச் சொற்கள் இங்கிலீஷுக்குள் குடியேறிவிட்டன. ஆகவே இங்கிலீஷ் தெரிந்தவருக்குப் பிரெஞ்சில் பாதி வழி ஏற்கெனவே தெரிந்த வழி. அமெரிக்க வெளியுறவுத் துறைப் பயிற்சி நிலையத்தின் கணக்கில், இங்கிலீஷைத் தாய்மொழியாகக் கொண்டவர் பிரெஞ்சு கற்கச் சுமார் 30 வாரம் போதும். தமிழுக்குச் சுமார் 44 வாரம் வேண்டும். இலக்கணத்தை மட்டும் எடை போட்டால் இங்கிலீஷைவிடப் பிரெஞ்சு பெரிய சுமை என்று சொல்ல முடியாது.

பிறகு ஏன் இங்கிலீஷ் கைக்கு எட்டுகிறது, பிரெஞ்சு எட்டவில்லை? இங்கிலீஷை நாம் இங்கிலீஷ்காரர்களோடு பேசுவதில்லை என்பதுதான் காரணம் என்று நினைக்கிறேன். நமக்குள்ளேயே பேசுகிறோம். தெலுங்கரும் ஒடியாக்காரரும் பெங்களூரில் ஒரே அறையில் தங்கினால் அவர்களுக்கு நடுவே அது தேவைப்படுகிறது. தப்பாகச் சொன்னாலும் எதிராளிக்குப் புரிந்துவிடும்; அவரும் தப்பாகத்தான் பதில் சொல்வார். வேலை நடந்துவிடும். பிரெஞ்சுக்கு நம் ஊரில் அப்படி ஓர் எதிராளி இல்லை. ஆந்திர இன்டர்மீடியட்டில் இரண்டாம் மொழியாகச் சமஸ்கிருதத்தைப் பிள்ளைகள் எடுப்பது மார்க்குக்காக. சென்னையில் பிளஸ் ஒன், பிளஸ் டூவில் பலர் பிரெஞ்சு எடுப்பதும் அதற்குத்தான். நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து வாங்கிய பிள்ளைக்கு அந்த மொழியில் தண்ணீர் கேட்கத் தெரியாது. குற்றம் பிள்ளையுடையதல்ல. இரண்டு வருடத்தில் யாரும் அதனிடம் அந்த மொழியில் தாகமாக இருக்கிறதா என்று கேட்கவில்லை.

வேலூருக்குப் போய்ப் பாருங்கள்; சித்தூரிலிருந்து அதிக தூரமில்லை. சி.எம்.சி. ஆஸ்பத்திரியைச் சுற்றி வங்காளி எழுத்தில் போர்டுகள். லாட்ஜ்காரரும் மெஸ்காரரும் நோயாளியோடு வந்தவர்களிடம் வங்காளியில் பேசுகிறார்கள். எந்த இன்ஸ்டிட்யூட்டும் அவர்களுக்குச் சொல்லித் தரவில்லை. கவலையோடு ஒருவர் முன்னால் வந்து நின்றார். அவரிடம் பேசியாக வேண்டியிருந்தது. புதுச்சேரியில் துபாஷி ஆனந்தரங்கப் பிள்ளைக்குப் பிரெஞ்சு வந்ததும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்க வேண்டும். 1889-இல் அங்கே பிரெஞ்சு சொல்லித் தரும் அலியான்ஸ் பிரான்சேஸ் தொடங்குவதற்கு ஒன்றரை நூற்றாண்டு முன்பே, கப்பலும் சரக்கும் ஆளுநர் துய்ப்ளேக்ஸும் அவருக்கு எதிரே இருந்தார்கள். பகலெல்லாம் அந்த மொழியில் காரியம் பார்த்தவர், 1736 முதல் 1761 வரை நாட்குறிப்பைத் தமிழில்தான் எழுதினார்.

அப்படியானால் மொழி பேசும் ஊரில் போய் இருந்தால் போதுமா? இங்கேதான் என் கணக்கு இடறியது. 1980-களிலிருந்து ஈழத்திலிருந்து அகதிகளாய்ப் பாரிஸுக்குப் போன தமிழர்கள் பலர் உணவகச் சமையலறைகளில் வேலை செய்தார்கள். சுற்றிலும் பிரெஞ்சு, தெருவில், மெட்ரோவில், வானொலியில். ஆனாலும் அங்கே தமிழர் கூடும் லா ஷப்பேல் கடைத்தெருவில், இருபது வருடம் கழித்தும், தட்டு, கத்தி, சீக்கிரம் என்பதற்கு மேல் அந்த மொழியில் அதிகம் சேராத பெரியவர்கள் உண்டு. சோம்பேறிகள் என்று அவர்களைச் சொல்ல எனக்கு வாய் வராது. அவர்களிடம் வந்ததெல்லாம் உத்தரவுதான். உத்தரவுக்குத் தலையாட்டினால் போதும், பதில் வேண்டியதில்லை. காதில் விழும் மொழி வேறு, நம்மை நோக்கி வரும் மொழி வேறு. ஒருவர் நம்மிடம் ஏதோ கேட்டு, நாம் திக்கித் திணறிச் சொல்லி முடிக்கும்வரை நின்றால், அந்த இடைவெளியில்தான் மொழி உள்ளே நுழைகிறது. பூக்காரம்மாவுக்கும் வேலூர் லாட்ஜ்காரருக்கும் அந்த இடைவெளி நாளெல்லாம் கிடைத்தது.

அதே வீடுகளின் குழந்தைகளைப் பார்த்தால் இது விளங்கும். பிரான்சில் 2019 முதல் மூன்று வயதிலேயே பள்ளி கட்டாயம். விளையாட ஆள் தேவைப்படுகிற இன்னொரு குழந்தை அங்கே இருக்கிறது. மேசை ஆணா பெண்ணா என்று யாரும் சொல்லித் தராமலே அது பிடிபட்டுவிடுகிறது. 2026 ஜனவரி 1 முதல் அந்த நாட்டுக் குடியுரிமைக்கு, முன்பிருந்த பி1 என்ற தேர்ச்சி நிலை போய், அதற்கு மேலான பி2 அளவுக்குப் பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும் என்று விதி. செய்தித்தாள் விஷயத்தை விவாதிக்கும் அளவு அது. தேர்வு வைப்பதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் அம்மாவுக்குத் துணையாக மகள் அலுவலகத்துக்குப் போகிறாள். அலுவலர் அம்மாவின் வயதை, முகவரியை, வேலையை மகளைப் பார்த்தே கேட்கிறார், மகள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்கிறார். தேர்வுத் தாளில் முதல் கேள்வி வருவதற்குள் அந்த ஊரில் யாராவது ஒருவர் அந்த அம்மாவையே பார்த்து ஒரு கேள்வி கேட்டிருக்க வேண்டும், பதில் வரும்வரை நின்றிருக்கவும் வேண்டும்.