காலிக் கட்டம்

தரவுத்தளங்களை நானாகத்தான் படித்துக்கொண்டிருக்கிறேன். ஆசிரியர் கிடையாது. வேலை முடிந்த இரவுகளில் இலவசப் பாடங்கள், அவ்வளவுதான். இதில் ஒரு வசதி: 'இது பாடத்திட்டத்தில் இல்லை, அடுத்ததுக்குப் போ' என்று விரட்ட ஆளில்லை. அதனால் எஸ்.க்யூ.எல். மொழியின் 'நல்' என்ற ஒரே சொல்லில் பல வாரங்களாக நிற்கிறேன்.

'நல்' பூஜ்யம் இல்லை. கட்டத்தில் மதிப்பே இல்லை என்பதற்கான அடையாளம். 100 பேர் கொண்ட அட்டவணையில் 10 பேருக்கு ஊர்க் கட்டம் 'நல்' என்று வையுங்கள். 'ஊர் கிள்ளான்' என்று தேடினால் அந்தப் பத்துப் பேர் வரமாட்டார்கள். சரி. 'ஊர் கிள்ளான் அல்ல' என்று தேடினாலும் வரமாட்டார்கள். இரண்டையும் கூட்டினால் 90தான். மிச்சப் பேர் எங்கே போனார்கள்?

1970இல் உறவுசார் தரவு மாதிரியை முன்வைத்த எட்கர் காட், 1990இல் வந்த தன் நூலில் இரண்டு அடையாளங்கள் வேண்டும் என்றார். மதிப்பு இருக்கிறது, நமக்குத்தான் தெரியலை என்பதற்கு ஒன்று. இந்த ஆளுக்கு அந்தக் கேள்வியே பொருந்தாது என்பதற்கு இன்னொன்று. எஸ்.க்யூ.எல். அதை ஏற்கவில்லை. எல்லாத்துக்கும் ஒரே 'நல்'தான்.

இயற்பியல் பக்கம் போனால் மூன்றாவது வகை ஒன்று நிற்கிறது. அளப்பதற்கு முன்னால் ஓர் ஒளித்துகளின் பதில் என்ன? எங்கேயோ எழுதியிருக்கும், நாம்தான் இன்னும் வாசிக்கலை என்றே என் மனசு சொல்லும். கணிதத்தில் அப்படித்தானே? 'பை'யின் தசம வரிசையில் யாரும் இன்னும் எட்டாத இடத்திலும் ஏதோ ஓர் இலக்கம் இருக்கத்தான் செய்யும். ஆனால் ஜான் பெல் 1964இல் ஒரு சோதனைக்கு வழிசெய்தார். பிணைந்த இரண்டு துகள்கள் பதிலை முன்கூட்டியே சுமந்து வருகின்றன, ஒன்றை அளப்பது தொலைவில் உள்ள மற்றதைப் பாதிக்காது என்றால், அவற்றின் விடைகள் ஒத்துப்போவதற்கு ஒரு வரம்பு உண்டு. பின்னர் வந்த ஒரு வடிவத்தில் அந்த வரம்பு 2. குவாண்டம் கோட்பாடு 2.83 வரை போகலாம் என்கிறது. 1982இல் அலைன் அஸ்பே குழு அளந்தபோது 2ஐத் தாண்டியது. பதில் முன்பே இருந்தது என்று இன்னும் வாதாடலாம்தான். அதற்கு, இங்கே நடப்பது தொலைவில் உடனே பாதிக்கும் என்பது போன்ற ஒன்றை ஒப்புக்கொள்ளவேண்டியிருக்கும்.

இதையெல்லாம் படிக்கும்போது எனக்கு ஞாபகம் வருவது வேறு ஒரு காகிதம். மலேசியாவில் சில பிள்ளைகளின் பிறப்புப் பத்திரத்தில் பெற்றோர் விவரத்துக்கு நேரே 'மக்லுமாட் தீடாக் டிபெரோலெஹி' என்று இருக்கும்: தகவல் பெறப்படவில்லை. சிலருக்குக் குடியுரிமைக்கு நேரே 'பெலும் டிதெந்துகான்': இன்னும் தீர்மானிக்கப்படவில்லை.

முதலாவது, 'பை'யின் இலக்கம் மாதிரி. பெற்ற தாய் ஒருத்தி நிச்சயம் உண்டு. இரண்டாவது ஒளித்துகளுக்குக் கிட்டத்தட்ட உறவு. யாராவது முத்திரை குத்தும்வரை பதில் கையில் இல்லை. ஆனால் துகளுக்கு 12 வயது ஆவதில்லை. கூடப் படிக்கிறவர்கள் மைகார்டு எடுக்கப் போகும் அந்த வயதில், இந்தப் பிள்ளை என்னவென்று சொல்லிக்கொள்ளும்? அதோடு, 'பெறப்படவில்லை' என்ற வாக்கியத்தில் ஆளே இல்லை. யார் தேடினார்கள், எத்தனை தடவை? தேடியும் கிடைக்காததும் தேடவே தேடாததும் காகிதத்தில் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன.

பயிற்சிக்கு நான் போடும் அட்டவணைகளில், காலியாக விடக்கூடிய கட்டத்துக்குப் பக்கத்தில் இப்போது இன்னொரு கட்டம் வைக்கிறேன்: ஏன் காலி, யார் கேட்டது, எந்தத் தேதியில். மென்பொருள் வேலை செய்யும் நண்பன் பார்த்துவிட்டு, அந்தக் கட்டமும் 'நல்'லாக வந்தால் என்னடா செய்வே என்றான்.